கத்தரித்த படம்

யாழ்ப்பாணத்தில் அடிமைகளே இருந்ததில்லை. நம்பாவிட்டால் நாவலர் வீதி நூதனசாலைக்குப் போய்ப் பாருங்கள். கோட்டைப் பீரங்கி இருக்கிறது. சிதைந்துபோன சித்திரத்தில் விக்டோரியா மகாராணியார்கூட இருக்கிறார். இலங்கையில் அடிமைமுறையைச் சட்டம் போட்டு ஒழித்தது 1844இல், அந்த அம்மாவின் ஆட்சியில்தான். மகாராணிக்குச் சுவர் கிடைத்தது. விடுதலையானவர்களின் முகத்தைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

“அதெல்லாம் ஒல்லாந்தன் செய்த வேலை” என்பார்கள். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்தர் ஊர் வழக்கத்தைக் கேட்டுத் தேசவழமையை எழுதினார். பன்னிரண்டு முதலிமார் படித்துப் பார்த்துச் சரியென்றார்கள். சீதனம், ஈடு, தோட்டம் என்று போகும் அந்த ஏட்டில் அடிமைகளுக்கும் இடமுண்டு: கோவியர், சாண்டார், பள்ளர், நளவர். பிறக்கும் பிள்ளை தாயின் எசமானுக்குச் சொந்தம்; பசுக்கன்றுக்கு வைத்த அதே கணக்கு. காணி வழக்கென்றால் இன்றைக்கும் தேசவழமையை வரிவரியாக ஒப்புவிக்க ஆளிருக்கிறது. அந்தப் பக்கம் வந்தால் மட்டும் எல்லாருக்கும் மறதி வருத்தம்.

ஒல்லாந்தனோ 2021இல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் அடிமைமுறைக்கென்றே கண்காட்சி வைத்தான். ரெம்பிராண்ட் 1634இல் வரைந்த ஊப்யன் சீமாட்டியை அங்கே நிறுத்தி, அந்தக் கறுப்புப் பட்டுக்கும் லேசுக்கும் காசு எங்கிருந்து வந்ததென்று கேட்டார்கள். புருஷன் வீட்டுச் சீனி ஆலை. ஆலைக்குச் சரக்கு பிரேசிலில் அடிமைகள் வெட்டிய கரும்பிலிருந்து வந்த கச்சாச் சீனி. 2023 ஜூலையில் அந்நாட்டு ராசாவே அடிமைமுறைக்காக மன்னிப்புக் கேட்டார்.

எங்கட ராசாக்கள் முகநூலில் இருக்கிறார்கள். ‘அந்தக்கால யாழ்ப்பாணம்’ என்று படம் போடுகிறார்கள். கதிரையில் சால்வையோடு பெரியவர். பக்கத்தில் அட்டியலும் ஒட்டியாணமுமாக ஆச்சி. ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் மிச்சம். குடை பிடித்தவரைக் கத்தரித்தவர் கையைக் கவனிக்கவில்லை. கீழே வரிசையாக, “எங்கட பொற்காலம்!” ஆச்சியின் அட்டியலுக்குப் பொன் புகையிலையில் வந்ததென்றால், புகையிலைக்குத் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தது ஆர்? துலா மிதிப்பவர் படமும் வரத்தான் செய்கிறது, ‘அழகிய கிராமியக் காட்சி’யாக. அந்த வீட்டுக் குடிதண்ணீர்க் கிணற்றில் அவர் தன் கையால் ஒரு வாளி அள்ள முடியாதென்பது காட்சியில் விழாது.

அடிமை ஒழிப்புச் சட்டம் வந்து 124 வருடம் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் நின்று தாழ்த்தப்பட்டவர்களை மறித்தவர் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம். தமிழருக்குத் தனிநாடு கேட்ட மனிதர். நாடு கேட்டவருக்குக் கோவில் வாசலை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. எந்தத் தமிழருக்கு நாடு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

சரி, அடிமை வரலாற்றுக்கும் ஒரு நூதனசாலை கட்டுவோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் காசு சேரும். தேத்தண்ணிக் கடையில் தாழ்த்தப்பட்டவருக்கு நீட்டிய சிரட்டையை முதற் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். நிர்வாகக் குழுவில் ஒருவரும் மறுக்கமாட்டார். அதில் குடித்தவரின் சாதியை எழுதவும் தயக்கமிருக்காது. நீட்டியவரின் சாதியையும் எழுதுவோமா என்று ஆராவது கேட்டால்தான் கூட்டம் காலவரையின்றி ஒத்திவைக்கப்படும்.