மூதாதையருக்கு ஒரு வில்லங்கச் சான்று

பத்திரம் எழுதியே தலை நரைத்தவன் நான். பல்லாவரம் சுற்றுவட்டாரத்தில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று நான் எழுதிக் கொடுத்த தகப்பன்மார்களை வரிசையாக நிறுத்தினால் ஜிஎஸ்டி ரோட்டில் குரோம்பேட்டை வரை போவார்கள். ஆனால் தகப்பனுக்கு மேலே போகிற அவசியம் எனக்கு வந்ததே இல்லை. மிஞ்சிப் போனால் தாய்ப்பத்திரத்தில் தாத்தா பேர் இருக்கும். முப்பது வருஷ வில்லங்கம் சுத்தமாக இருந்தால் பேங்க்காரன் கடன் கொடுத்துவிடுகிறான். அவனே திருப்தி அடைந்த பிறகு கொள்ளுத்தாத்தாவைத் தோண்டுவானேன்?

இப்படி நிம்மதியாக இருந்தவனை அமெரிக்காவில் ஒரு பாட்டியம்மாள் கெடுத்தார். என் மகள் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் இருக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல். பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுகிற வயதில் அவர் முப்பாட்டன்மாரைத் தேடிக்கொண்டிருக்கிறார். அங்கே அது பெரிய வியாதியாம். பாஸ்டனில் இதற்கென்றே 1845-ல் ஒரு சங்கம் வைத்து இன்றுவரை நடத்துகிறார்கள். 1629-ல் கப்பலில் வந்து இறங்கிய ஒரு பாதிரியார் வரைக்கும் அந்த அம்மாள் ஏணி போட்டு ஏறிவிட்டார். ஒரு படி மட்டும் மெட்ராஸில் நிற்கிறது.

"அப்பா, அவங்க வம்சத்துல ஒருத்தர் நம்ம ஊர்ல கவர்னரா இருந்தாராம். நீங்கதான் பழசெல்லாம் தேடுவீங்களே, கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் மகள்.

அமெரிக்கா என்று ஒரு நாடே இல்லாத காலத்தில் அமெரிக்காக்காரன் எப்படி இங்கே கவர்னராக இருந்திருப்பான் என்றுதான் முதலில் நினைத்தேன். தேடினால் ஒருவர் இல்லை, இரண்டு பேர். அதுவும் அடுத்தடுத்து.

முதலாமவர் எலிஹு யேல். 1649-ல் பாஸ்டனில் பிறந்து, மூன்று வயதிலேயே குடும்பத்தோடு இங்கிலாந்து போனவர். 1672-ல் ஜார்ஜ் கோட்டைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ரைட்டராக வந்து சேர்ந்தார். சம்பளம் வருஷத்துக்குப் பத்து பவுன். ஆக, அவரும் என் தொழில்தான். ஆனால் நான் மூன்று அறை வீடு கட்டி அதன் கடனை அடைப்பதற்குள் கண்ணாடிப் பவர் இரண்டு தடவை ஏறிவிட்டது. அவர் 1687-ல் கவர்னர். ஏழை ரைட்டர் எப்படிப் பணக்காரர் ஆனார் என்று அன்றைக்கே கேட்டார்கள். சொந்த வியாபாரம், வைரம், சயாம் ராஜாவோடு கொடுக்கல் வாங்கல், அதில் தம்பி தாமஸுக்குப் பங்கு என்று கவுன்சிலில் தினம் ஒரு பஞ்சாயத்து. 1692-ல் பதவியைப் பிடுங்கினார்கள். கணக்குத் தீரும்வரை கப்பல் ஏறக்கூடாது என்று 1699 வரை ஊரிலேயே உட்கார வைத்தார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கவுன்சில் கூடிய ஒவ்வொரு நாளும் யார் என்ன பேசினார், யார் யாரை ஏசினார் என்று ஒரு ரைட்டர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அந்த ஏடுகளை மெட்ராஸ் சர்க்கார் பிற்பாடு புத்தகமாகவே அச்சடித்தது. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர். அங்கே சிவப்புக் கட்டடமாக நிற்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இந்த மாதிரிக் காகிதங்களின் களஞ்சியம். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு ஆகிய மூன்றின் பதிவு நகல்களும் லண்டனுக்கே போயிருக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தில் மெட்ராஸுக்கு 'என்-2' என்று தனி வரிசை. இங்கே ஒரு வெள்ளைக்காரன் செத்தால் காகிதம் ஏழு கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் தெருவில் ஒரு பிறப்புச் சான்றிதழில் பேர் திருத்த ஒருவர் எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினார் என்பதை இங்கே சொல்ல மாட்டேன்.

கோட்டைக்குள் இருக்கிற புனித மரியாள் ஆலயம் 1680 அக்டோபர் கடைசியில் திறக்கப்பட்டது. அடுத்த வாரம், நவம்பர் 4 அன்று, அங்கே பதிவான முதல் கல்யாணமே நம் யேலுடையதுதான். பெண் கேத்தரின், ஜோசப் ஹின்மர்ஸ் என்கிற கம்பெனி அதிகாரியின் விதவை. ஹின்மர்ஸ் இறந்தது அதே வருஷம் மே மாதம். வருஷத் திதி வருவதற்குள் என்று என் மனைவி முகத்தைச் சுளித்தாள். முந்நூற்று நாற்பது வருஷம் கழித்தும் பல்லாவரத்தில் ஒருத்தி முகம் சுளிப்பாள் என்று கேத்தரின் அம்மாள் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அவர்களுக்கு டேவிட் என்று ஒரு பையன். சின்ன வயதிலேயே போய்விட்டான். அவனையும் அம்மாவின் முதல் கணவர் ஹின்மர்ஸ் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். சட்டக் கல்லூரி வளாகத்தில் கூர்ங்கோபுரமாக நிற்கிறதே, அதுதான் அந்தக் கல்லறை. சுற்றி இருந்த கல்லறைகளெல்லாம் 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்களுக்கு மறைவிடமாகிவிட, அவை இடிக்கப்பட்டு, கல்வெட்டுகள் ஆலயத்துக்குத் தரைக்கல்லாகப் போயின. மிச்சம் நிற்கிற கொஞ்சத்தில் இது ஒன்று. இதை வேறு இடத்துக்கு மாற்றுவதா வேண்டாமா என்று 2023-ல் உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. செத்தும் வில்லங்கம் விடவில்லை.

டேவிட் இறந்தது ஜனவரி மாதம். எந்த வருஷம்? அங்கேதான் வேடிக்கை. அந்தக் காலத்து இங்கிலீஷ்காரனுக்கு மார்ச் 25-ல்தான் புது வருஷம் பிறக்கும். 1752-ல்தான் அதை ஜனவரிக்கு மாற்றினார்கள். ஆகவே அந்த ஜனவரி அவர்கள் கணக்கில் 1687, நம் கணக்கில் 1688. வம்சம் தேடுகிறவர்கள் நடுவில் ஒரு சாய்கோடு போட்டு 1687/8 என்று எழுதுகிறார்கள். அந்த அம்மாள் இதை மகா கஷ்டம் என்று மகளிடம் அலுத்துக்கொண்டாராம். ஒரு வருஷக் குழப்பத்துக்கே இந்த அலுப்பு! என் தாத்தா ஜாதகத்தில் 'விக்ருதி வருஷம், ஆவணி மாதம்' என்று மட்டும் இருக்கிறது. விக்ருதி அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வரும். போதாக்குறைக்கு எங்கள் வீட்டில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை ஒரே பேர். அது தாத்தாவின் ஜாதகமா, தாத்தாவின் தாத்தாவுடையதா என்று சொல்ல அதில் நட்சத்திரத்தைத் தவிர சாட்சி இல்லை.

இரண்டாம் கவர்னர்தான் அந்த அம்மாளின் ஆள். நதானியேல் ஹிக்கின்சன். கனெக்டிகட்டில் 1652-ல் பிறந்தவர், 1670-ல் ஹார்வர்டில் பட்டம் பெற்றவர். மெட்ராஸ் மாநகராட்சி 1688-ல் தொடங்கியபோது முதல் மேயர். 1692 அக்டோபரில் யேலை இறக்கிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரும் இவரே. தகப்பனார் ஜான் ஹிக்கின்சன் சேலத்தில் பாதிரியார். நம்ம சேலம் இல்லை, மாம்பழம் கிடையாது, மாசசூசெட்ஸ் சேலம். அங்கே விளைந்தது வேறு. அதே 1692-ல் அந்த ஊரில் சூனியக்காரி என்று சொல்லி ஆட்களைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். ஜூன் மாதம் பிடித்தவர்களில் ஒருத்தி ஆன் டாலிவர். பாதிரியாரின் சொந்த மகள், நம் கவர்னரின் தங்கை. தூக்குக்குத் தப்பிவிட்டாள். ஒரே வருஷத்தில் அண்ணன் மெட்ராஸில் கவர்னர், தங்கை சேலத்தில் சூனியக் கைதி. நம் ஊர்க் குடும்பத்தில் இப்படி நடந்திருந்தால் இரண்டாவது சேதியை மூன்றே தலைமுறையில் துடைத்து எடுத்திருப்போம். "சின்னத்தை ஒருத்தி இருந்தா, கொஞ்சம் உடம்பு சரியில்லாதவ" என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். அங்கே வாரன்ட் அப்படியே இருக்கிறது. அந்த அம்மாள் அதன் நகலை அனுப்பியிருந்தார், பெருமையோடு!

இதோடு விட்டேனா? யேல் வம்சத்தையும் ஒரு கை பார்த்தேன். அவருடைய பாட்டி ஆன், முதல் கணவர் இறந்தபின் தியோஃபிலஸ் ஈட்டன் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஈட்டன்தான் நியூ ஹேவன் குடியேற்றத்தின் கவர்னர். 1640-களில் இந்தப் பாட்டியைச் சபையில் நிறுத்தி விசாரித்துத் தள்ளி வைத்துவிட்டார்கள். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? சாப்பாட்டு மேசையில் மாமியார்க் கிழவியைக் கன்னத்தில் அறைந்தார், மூத்தாள் மகளைக் கிள்ளினார், வேலைக்காரர்களைக் கரித்துக் கொட்டினார். பல்லாவரத்தில் இதற்குப் பேர் ஞாயிற்றுக்கிழமை. அங்கே அதற்கு ஒரு விசாரணை, சாட்சிகள், எழுத்தில் தீர்ப்பு. விளைவு, அந்தப் பாட்டி எத்தனை தலைமுறை போனாலும் கன்னத்தில் விழுந்த அறையோடு உயிரோடு இருக்கிறார். அதே தெருவில் மாமியாருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, காலைப் பிடித்துவிட்டு, நல்ல பேரோடு செத்துப்போன மருமகள்கள் எத்தனை பேரோ. ஒருத்தி பேர்கூட கிடையாது.

இங்கேதான் எனக்கு உறைத்தது. யேலைத் தெரிவது கவுன்சில் சண்டையால். ஹிக்கின்சன் தங்கையைத் தெரிவது வாரன்டால். 1718-ல் யேல் ஒரு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகமும் முதலாம் ஜார்ஜ் ராஜா படமும் அனுப்பினார். சரக்கை விற்று வந்த 562 பவுனுக்காகக் கல்லூரிக்கே அவர் பேரை வைத்தார்கள். அந்தப் பேர் இல்லாவிட்டாலும் மனுஷர் மறைந்திருக்க மாட்டார். அடிமை வியாபாரத்தில் அவருக்கு இருந்த கையைப் பற்றி இன்றைக்கும் அங்கே சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கான காகிதமும் கோட்டை ஏட்டில்தான். அடிமைகளாக ஏற்றப்பட்டவர்களின் தகப்பன் பேரைத்தான் எந்த ரைட்டரும் கேட்டு எழுதவில்லை.

எங்கள் ஊருக்கும் வம்சப் பெருமை இல்லாமலில்லை. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் இதே பல்லாவரத்துச் செம்பூரான் மண்ணில் ஒரு கற்கருவியைப் பொறுக்கி எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு முதல் அத்தாட்சி அது. அதைச் செதுக்கியவன் அக்கம்பக்கத்தோடு சண்டை போடாமலா இருந்திருப்பான்? எழுதி வைக்க ஆளில்லை, அவ்வளவுதான். பிறகு மகேந்திரவர்மன் வந்து, இங்கே மலையைக் குடைந்து, தன் பட்டப்பேர்களை வரிசையாகச் செதுக்கிவிட்டுப் போனான். விசிட்டிங் கார்டில் டிகிரி போடுகிற பழக்கம் ஊருக்குப் புதிதல்ல. மற்றவர்களின் மூதாதையர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வருவார்கள். பழைய ரேடியோ, புறாக்கூண்டு நடுவில் சட்டம் போட்ட தலைப்பாகைத் தாத்தாக்கள். கண்ணாடி உடையாமல் இருந்தால் தாத்தாவுக்கு விலை கூட.

அந்த அம்மாளுக்கு வேண்டியதை மகள் மூலம் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கேள்வி வந்தது: உங்கள் குடும்ப மரத்தை அனுப்புங்களேன்.

அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது ஐயர் மூன்று தலைமுறை கேட்பார், சொல்வேன். நான்காவது ஆளை அவர் கேட்டதில்லை, எங்கள் அப்பாவும் சொன்னதில்லை. இருக்கிற வீட்டுக்கே சரியான முகவரி கிடையாது. நான் முதலில் பத்திரம் எழுதும்போது செங்கல்பட்டு ஜில்லா, அப்புறம் காஞ்சிபுரம், 2019-ல் மறுபடி செங்கல்பட்டு. பல்லாவரம் நகராட்சியாக இருந்தது 2021-ல் தாம்பரம் மாநகராட்சியாகிவிட்டது. வீடு மட்டும் ஒரு அங்குலம் நகரவில்லை.

கடைசியில் பரணிலிருந்த தகரப் பெட்டியில், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாளில், முன்சீப் கோர்ட்டுத் தீர்ப்பின் நகல் ஒன்று அகப்பட்டது. வாதி என் கொள்ளுத்தாத்தா. பிரதிவாதி அவருடைய பங்காளி. விஷயம், மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் இரண்டு பேர் வரப்பிலும் படாமல் நடுவில் நின்ற ஒரு புளியமரம். வாதியின் தகப்பனார் பேர், உத்தேச வயது, மரத்தின் நான்கெல்லை, வருஷக் காய்ப்பு எல்லாம் இருந்தன. பிரதிவாதி ஆட்களோடு வந்து உலுக்கியதாகவும், வாதி மரத்தின் மேலேறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்ததாகவும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். என் ரத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"எங்க பக்கமும் தேடுங்களேன்" என்றாள் மனைவி. தேடினேன். அவள் தாத்தா வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர், அவருக்கு அப்பாவும் அப்படியே. கோர்ட்டுப் படி ஏறியதில்லை, கடன் வாங்கியதில்லை, ஜாமீன் போட்டதில்லை. ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அவளுக்கு மனத்தாங்கல், அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை.

சந்தோஷத்தைப் பங்கிட்டுக்கொள்ள, பிரதிவாதியின் கொள்ளுப்பேரனுக்கு, சேலையூரில் இருக்கிற எங்கள் பங்காளிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நம்ம பெரியவங்க பேரெல்லாம் கெடச்சிருக்கு. நாலு தலைமுறை!"

"அப்படியா தம்பி, ரொம்ப சந்தோஷம்" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அந்த மரம் நின்ன எடம் சர்வே நம்பர் போட்டிருக்கா அதுல?"

போட்டிருந்தது. படித்துக் காட்டினேன். மறுவாரமே அவர் வில்லங்கத்துக்கு மனுப் போட்டுவிட்டார். நோட்டீஸில் என் பேரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.