மாமனாரின் பைக் கணக்கு

எங்கள் மைசூரு வீட்டில் சமையலறைக் கதவு முழுசாகத் திறந்து வருஷக்கணக்காகிறது. பின்னால் ஓர் ஆணி, அதில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாம்பூலப் பைகள். எல்லாவற்றிலும் மணமக்கள் பெயர், தேதி, மண்டபம். சொந்தத்தில் யாருக்கு எந்த வருஷம் கல்யாணம் என்று சந்தேகம் வந்தால் அத்தை அந்தக் கதவைத்தான் புரட்டிப் பார்ப்பார்.

கர்நாடகத்தில் பிளாஸ்டிக் பைக்கு 2016-லேயே தடை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. அதுவரை மஞ்சப்பையோடு பஸ் ஏறினவரை ஏற இறங்கப் பார்த்த மதுரைச் சொந்தங்கள் எல்லாம், அதன் பிறகு அதையே பிடித்துக்கொண்டு செல்ஃபி அனுப்பினார்கள். மைசூருக்காரர்கள் இதற்கெல்லாம் அசரமாட்டார்கள். 2016-இல் ஸ்வச் சர்வேக்ஷண் கணக்கெடுப்பில் 73 நகரங்களில் முதலிடம் வாங்கிய ஊர். அடுத்த வருஷமே இந்தூர் அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. கெத்து மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. காலையில் விசில் கேட்டால் ஈரக் குப்பை ஒரு கையில், உலர் குப்பை மறுகையில் என்று வாசலுக்கு ஓட வேண்டும். துப்புரவுப் பணியாளர் அம்மா வாளிக்குள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டு அம்மாவின் பார்வை! கும்பாரகொப்பலு மையத்தில் ஈரக் குப்பை உரமாகிறது. பாட்டில், இரும்பு, பழைய செருப்புகூடப் பிரிந்து விலைக்குப் போகிறது. வெங்காயத் தோலுக்குள் ஒரு ஷாம்பூ பாக்கெட் கிடந்தால் அன்றைக்குத் தெருவுக்கே தெரிந்துவிடும்.

இந்த ஊருக்கென்றே பிறந்தவர் என் மாமனார். அசோகபுரம் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் தூக்கிப் போடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பு எரிவதைப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்புவோம். பாதி வழியில் ஆட்டோவை நிறுத்தி, ஹாலில் எரிகிற 9 வாட் பல்பை அணைக்கத் திரும்பி நடப்பார். பூமியைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் அவருக்குக் கிடையாது. மின்சாரக் கட்டணம், அவ்வளவுதான். பூமிக்கு நல்லது செய்தவர்களில் பாதிப்பேர் இப்படிக் கஞ்சத்தனத்தால்தான் செய்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

அவரிடம் போய் என் கணவர் டென்மார்க் கணக்கைச் சொல்லித் தொலைத்தார். அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2018-இல் வெளியிட்ட ஆய்வு அது. பருத்திக்குத் தண்ணீர், உரம், மின்சாரம் என்று ஏகப்பட்ட செலவு. ஆகவே ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 7,100 தடவை உபயோகித்தால்தான், எல்லா வகைப் பாதிப்பையும் சேர்த்துப் பார்க்கும்போது, சாதாரண பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும். ரசாயனம் போடாத பருத்தி என்றால் 20,000 தடவை. பருவநிலை மாற்றத்தை மட்டும் பார்த்தால் சாதாரணப் பருத்திப் பைக்கு 52 தடவை போதும் என்றும் அதே ஆய்வில் இருக்கிறது. அதை மாமா காதில் வாங்கவில்லை.

“தினம் ஒரு தடவைன்னா பத்தொன்பதரை வருஷம்மா,” என்றார் என்னிடம். “இயற்கைப் பருத்தின்னா ஐம்பத்தஞ்சு வருஷம். எனக்கு இப்பவே எழுபத்துநாலு.”

“அப்ப ஆணியில இருக்கிறதெல்லாம், மாமா?”

“அதை உன் பேரன் பேத்தி பார்த்துக்கட்டும்.”

தனக்கென்று ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டார். கெட்டிக் காடாத் துணி, அகலமான கைப்பிடி, அடியில் இரட்டைத் தையல். அந்தப் பை வந்த கல்யாணத்துக்கு மட்டும் அப்படித் தையல் வாய்க்கவில்லை. இரண்டே வருஷத்தில் கோர்ட்டில் பிரிந்துவிட்டது. பையில் இரண்டு பெயரும் சிவப்பில் பளிச்சென்று இருந்தன, நடுவில் ஓர் இதயம். அந்த மாப்பிள்ளையின் அம்மாவும் தேவராஜ மார்க்கெட்டில்தான் காய் வாங்குகிறார்.

“வேற பை எடுத்துக்கோங்களேன்,” என்றார் அத்தை.

“கணக்கு ஆரம்பிச்சாச்சு,” என்று சொல்லி, பையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து நஞ்சனகூடு ரசபாளை வாழைப்பழம், வெற்றிலை, மல்லிகை எல்லாம் அந்தப் பெயரில்லாத பையில்தான் வீடு வந்தன.

போன தையில் ஒரு கல்யாணம். அங்கே வாங்குவது ஆணியில் இன்னொன்றாகிவிடும் என்று மாமா சொந்தப் பையோடு வந்தார். சாப்பிட்டு முடித்து வாசலுக்கு வந்து, தாம்பூலம் கொடுக்கிற பையனிடம் பையை விரித்துப் பிடித்தார். “தேங்காயை மட்டும் இதுல போடுப்பா. பை வேண்டாம்.”

பையன் அவரையும் துணிப்பையையும் பார்த்தான். “சார், நீங்க ஏற்கெனவே வாங்கிட்டீங்களே!”

“இது என் பைப்பா.”

“எல்லாரும் அதைத்தான் சார் சொல்றாங்க.”

பின்னால் வரிசை நீண்டது. தேங்காய் விலை அப்போது என்ன என்பது மாமாவுக்கு நன்றாகத் தெரியும். அத்தை கண்ணால் ஜாடை காட்டினார், நான் முழங்கையால் இடித்தேன். ஒன்றும் எடுபடவில்லை. பையை ஒரே உதறலில் திருப்பி, பெயர்கள் தெரிய, எல்லாரும் பார்க்கும்படி உயரப் பிடித்தார். “இது வேற கல்யாணம்! நீயே படிச்சுப் பாரு!”

பையன் சத்தமாகவே படித்தான். வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்த, தேவராஜ மார்க்கெட்டில் காய் வாங்குகிற அந்த அம்மா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.