நுரைப் பித்தர்

தென்காசியில் தெருவுக்கு ஒரு நுரைப் பித்தர் உண்டு. வேட்டி வெளுத்ததா என்று அவர் பார்க்க மாட்டார். வாளியில் நுரை விளிம்பைத் தாண்டியதா என்றுதான் பார்ப்பார். தாண்டாவிட்டால் பொடியில் கலப்படம், கடைக்காரர் மோசம், காலமே கெட்டுப்போச்சு. "நுரையே வரல, அழுக்கு எப்படிவே போகும்?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கை அள்ளிப் போடுவார். பிறகு அந்த நுரையைத் துரத்த நாலு குடம் தண்ணீர். வாசல் சாக்கடையில் அது மிதந்து திரும்பியதும் அவர் பொறுப்பு தீர்ந்தது. இதே மனிதர் சாரல் விழுந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குற்றாலம் போவார். பேரருவியில் யாராவது ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்தால் போதும், "கோர்ட்டே தடை போட்டிருக்குல்லா?" என்று பாய்வார். தடை உண்மைதான். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதுவும் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014-இல் சொன்னது. ஆனால் அந்த அருவித் தண்ணீர்தான் சிற்றாறாக இறங்கி, கால்வாய்களில் பிரிந்து குளங்களை நிரப்பி, மிச்சம் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. அருவிக்கு ஒரு சட்டம், அடுப்படிக்கு ஒரு சட்டம் என்று ஆறு பிரித்துப் பார்ப்பதில்லை.

நுரைக்கும் சுத்தத்துக்கும் உள்ள உறவு, மேளத்துக்கும் தாலிக்கும் உள்ள உறவுதான். சத்தம் ஒன்று செய்யும், காரியம் இன்னொன்று செய்யும். எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து இழுப்பது சோப்பு மூலக்கூறு. நுரை அதில் சிக்கிய வெறும் காற்று. முன்பக்கக் கதவு வைத்த சலவை இயந்திரத்துக்கு நுரை குறைவான பொடியைத்தான் போடச் சொல்கிறார்கள்; துணி வெளுக்காமலா போகிறது? உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காததற்குக் காரணம் அதிலுள்ள கால்சியம். அந்தக் கால்சியத்தைக் கட்டிப்போடத்தான் சலவைப் பொடிகளில் பாஸ்பேட் சேர்த்தார்கள். வினையும் அங்கேதான் தொடங்கியது.

பாஸ்பேட் துணிக்கு மருந்து, பாசிக்கு விருந்து. 1973-இல் கனடாவில் ஓர் ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் இட்டார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சைக் கூழானது. பாசி செத்து அழுகும்போது தண்ணீரின் பிராணவாயுவைத் தின்றுவிடும். மீன் வயிறு காட்டி மிதக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் வீட்டுச் சலவைப் பொடிகளின் பாஸ்பேட்டுக்குக் கடிவாளம் போட்டது இதனால்தான்.

"வயல் உரம் இருக்கு, ஊர்க் கழிவு இருக்கு; என் ஒரு கைப்பொடிதான் குளத்தைக் கெடுக்கப்போகுதாக்கும்?" என்பார் பித்தர். நியாயமான கேள்வி. உரத்திலும் மலத்திலும் பாஸ்பரஸ் உண்டு. பொடியை மாற்றினால் மட்டும் குளம் தெளியாது, கழிவுநீரைச் சுத்திகரித்தே ஆகவேண்டும். ஆனால் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மனுப்போட்டு, டெண்டர் விட்டு, திறப்பு விழாவுக்குக் காத்திருக்க வேண்டும். பொடியின் அளவைக் குறைக்க இன்று சாயங்காலம் போதும். ஆடியில் ஆறு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும் என்பதும் பாதி உண்மையே. சித்திரையில் குளத்தில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் எங்கே போகும்?

பித்தர் ஒருநாள் திருந்துவார். அப்போதுதான் பயமாக இருக்கும். இலைப் படம் போட்ட புட்டியை வாங்கி, இயற்கைதானே என்று முன்னிலும் தாராளமாக ஊற்றுவார். சோடா உப்பையும் வினிகரையும் சேர்த்துப் பொங்கவிட்டுப் பூரிப்பார். பொங்கி முடிந்தால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும் என்பது அவருக்குத் தெரியாது. பூந்திக்கொட்டைக்கு மாறினாலும் அதிலுள்ள சப்போனின் மீனின் செவுளுக்கு நஞ்சு. அந்தக் காயை இடித்துப் போட்டு மீன் பிடித்தவர்களும் உண்டு. அது சீக்கிரம் மட்கிவிடும் என்பது நல்ல குணம். அதற்காகக் கூடை கூடையாகக் கொட்டலாமா? நீதிமன்றம் சீயக்காயையும் சேர்த்துத் தடுத்ததில் இந்த விவேகம் இருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு இணக்கமான பொருளுக்கு மண்பானைச் சின்னம் கொடுக்கும் 'ஈகோமார்க்' திட்டத்தை நடுவண் அரசு 1991-லேயே கொண்டுவந்தது. கடைத் தட்டில் அந்தப் பானையைத் தேடினால் கண்தான் வலிக்கும். ஆகவே இலைப் படத்தை விட்டு, புட்டியின் பின்பக்கம் 'பாஸ்பேட் இல்லை' என்று இருக்கிறதா என்று பார்க்கலாம். பித்தளைக்குப் புளி, பாத்திரத்துக்குத் தேங்காய் நார், கொஞ்சம் கை வலி என்று பழைய வழியையும் கூட்டிக்கொள்ளலாம். விலை கூடுதல் என்றால் அளவைக் குறைத்தால் கணக்கு சரியாகிவிடும். புட்டி மூடியின் உட்புறம் மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது, இவ்வளவு போதும் என்று. பித்தர் இதுவரை அதைப் பார்த்ததில்லை. மூடி எப்போதும் நிரம்பி வழிந்தால் கோடு எப்படித் தெரியும்?