வானொலியில் பாட்டுப் பிடித்தல்: ஒரு சுவடியியல் ஆய்வு

ஆய்வுப் பொருள்

சீவக சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் 1887இல் அச்சேற்றுவதற்கு முன் ஏடுகளைத் தேடி அலையாத அலைச்சல் அலைந்தார். கிடைத்த ஏடுகளிலும் ஒரே செய்யுள் இடத்துக்கு இடம் வேறுபட்டது. தமிழ்க் குடும்பங்களின் பரண்களில் பிஸ்கட் டின்னுக்குள் உறங்கும் கேசட்டுகளின் நிலையும் இன்று அதுவே. ஏட்டுக்குப் பதிப்பாசிரியர் வாய்த்தார். கேசட்டுக்கு இதுவரை பழைய பேப்பர்காரர்தான் வாய்த்திருக்கிறார். அக்குறையைக் களைவது இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வின் எல்லை: வானொலியில் வந்த பாட்டை வீட்டிலேயே பிடித்த கேசட்டுகள் மட்டும். பட்டியல் எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கியவை விலக்கப்பட்டுள்ளன. அவற்றில் பிழை குறைவு. பிழை இல்லாத இடத்தில் ஆய்வாளருக்கு என்ன வேலை?

கருதுகோள்: பாட்டோடு ஒட்டிக்கொண்டு வந்த அழுக்குதான் இச்சுவடிகளின் மதிப்பு. பாட்டு இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அழுக்கு கிடைப்பதில்லை.

வரலாற்றுப் பின்னணி

1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. அகில இந்திய வானொலியில் அது அருகிப்போகவே, நேயர்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். போனவர்களைத் திரும்ப அழைக்க 1957 அக்டோபர் 3இல் விவித பாரதி தொடங்கப்பட்டது. பெல்ஜியத்தின் ஹாசல்ட் நகரில் லூ ஆட்டன்ஸ் குழுவினர் உருவாக்கிய கேசட்டை, பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகம் செய்தது. பிற்பாடு வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்களின் பெட்டிகளில், வானொலியும் டேப்ரிக்கார்டரும் ஒன்றான டூ-இன்-ஒன் வந்திறங்கியது. பாட்டுப் பிடிக்கும் துறை அதன்பின் செழித்தது.

அளவையியல்

கேசட் நாடாவின் அகலம் 3.81 மி.மீ. அது வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடும். ஆக, 4 நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 11.4 மீட்டர், அதாவது இரண்டு சேலை நீளத்துக்கு நாடா வேண்டும். அறிவிப்பாளர் 10 வினாடி கூடுதலாகப் பேசினால் அரை மீட்டர் போச்சு.

சி-60 கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். அறிவிப்புகளோடு சேர்த்து ஆறு பாட்டு முழுசாக ஏறும். ஏழாவது, இரண்டாம் சரணத்தில் ‘டக்’கென்று நிற்கும். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை என்று வருந்துகிறோம். வீட்டுக்கு வீடு பறிபோன இரண்டாம் சரணங்களுக்காக யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. விடுபட்டதை ‘பி’ பக்கத்தில் தேடுவதும் வீண். கேசட்டைத் திருப்பிப் போட்டு, பதிவு ஏறாத முன்னொட்டு நாடாவைப் பென்சிலால் சுற்றித் தள்ளுவதற்குள் வானொலியில் விளம்பரம் வந்திருக்கும்.

பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது நன்னூலார் கொள்கை. இக்கேசட்டுகளில் அவ்விலக்கணம் பிசகாமல் காக்கப்பட்டுள்ளது. படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், பிறகு விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயரும் ஊரும் என்று பாயிரம் நீளும். ரெக்கார்டு, ப்ளே இரண்டையும் சேர்த்து அழுத்தி, பாஸ் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு முதல் வயலினுக்காகக் காத்திருப்பார் பாட்டுப் பிடிப்பவர். முன்னிசை தொடங்கிய பிறகும் அறிவிப்பாளர் ஊர்ப்பெயர்களை முடித்திருக்க மாட்டார்.

அன்று இது எரிச்சல். இன்றோ இலங்கை வானொலி அறிவிப்பாளர்களான கே.எஸ். ராஜாவின் மடைதிறந்த வேகத்தையும் பி.எச். அப்துல் ஹமீதின் அட்சரசுத்தமான உச்சரிப்பையும் கேட்கவே சிலர் அந்தக் கேசட்டைத் தேடுகிறார்கள். பாஸ் பொத்தானைச் சரியாக விட்ட கெட்டிக்காரர்களிடம் வெறும் பாட்டுதான் மிச்சம்.

இரு மரபுகள்

வானொலிப் பெட்டிக்கு எதிரே டேப்ரிக்கார்டரை வைத்து மைக் வழியாகப் பிடித்தது முதல் மரபு. குக்கர் விசில், காக்கை, “சாப்பிட வாடா” என்ற அம்மாவின் குரல் ஆகிய இடைச்செருகல்கள் இம்மரபுக்கே உரியவை. மூச்சு விடாமல் உட்காரும்படி வீடு முழுவதற்கும் உத்தரவு போட்டும் இவை நுழைந்துள்ளன.

டூ-இன்-ஒன்னில் பிடித்தது இரண்டாம் மரபு. இங்கே ஒலி உள்ளுக்குள்ளேயே கம்பி வழியாகப் போகிறது. அம்மா எவ்வளவு கத்தினாலும் பதியாது. ஆனால் மின்பொறியின் இரைச்சல் வானொலி அலையோடு சேர்ந்தே வரும். மத்திய அலையில் பிடித்த பாட்டில் ட்யூப்லைட் போட்டால் ‘படபட’, மிக்ஸி ஓடினால் ‘கிர்ர்’, வாசலில் மொபெட் போனால் ‘டர்ர்’. ஆகவே விசில் கேட்டால் முதல் மரபு. விசிலே இல்லாமல் ‘கிர்ர்’ மட்டும் கேட்டால் இரண்டாம் மரபாக இருக்கலாம்.

பாடபேதத்துக்கு முதற்காரணம் பேட்டரி. பேட்டரி இறங்கிய நேரத்தில் நாடா மெதுவாக ஓடிப் பதியும். அதையே புது பேட்டரியில் போட்டால் வேகம் கூடி, டி.எம். சௌந்தரராஜன் எல்.ஆர். ஈஸ்வரியாகிவிடுவார்.

காலக்கணிப்பு

கேசட் அட்டையில் தேதி எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை. எனவே அகச்சான்றுதான் கதி. அடிக்கடி ‘சடசட’ கேட்டால் இடிமின்னல் காலம். பாட்டின் நடுவே ஒலி தேய்ந்து மீண்டும் எழுந்தால் தொலைதூர நிலையத்தை இரவில் பிடித்திருக்க வாய்ப்புண்டு. பகலில் எட்டாத மத்திய அலை, இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் வரும்.

கேசட்டின் முதுகில் பக்கத்துக்கு ஒன்றாக இரு சிறு பிளாஸ்டிக் நாக்குகள் உண்டு. ஒன்றை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தின்மேல் பதிய முடியாது. உடைத்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டியிருந்தால் குடும்பத்தில் வாரிசுப் போர் நடந்திருக்கிறது என்று பொருள். அண்ணன் பிடித்ததன்மேல் தங்கை பிடித்திருப்பாள். இரண்டு புதுப் பாட்டுகளுக்கு நடுவே நின்ற இடைவெளியில் அண்ணனின் பாட்டு ஒரு வினாடி தலைகாட்டிவிட்டு மறையும்.

முடிவும் பரிந்துரையும்

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. பரண் சுவடி வைத்திருப்போர் செய்ய வேண்டியவை சில. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்ட வேண்டாம். கேசட்டின் வாய்ப்பகுதியில் உள்ள சின்ன வெல்வெட் பஞ்சு விழுந்திருந்தால் வேறு கேசட்டிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். டேப்ரிக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, முதல் ஓட்டத்திலேயே கணினியில் ஏற்றிவிடுங்கள். இரண்டாம் ஓட்டத்துக்குப் பழைய நாடா தாங்கும் என்று நம்ப முடியாது. ஏற்றிய பிறகு இரைச்சல் நீக்கும் மென்பொருளை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்.