மௌஸ் தொடா மாமணி

தமிழ்நாட்டு அலுவலகங்களில் மேசைக்கு மேசை கணினி வந்து இறங்கிய ஆண்டுகளில், பெட்டியில் குறிப்பிடப்படாத இணைப்பாக ஒரு மனித வகையும் உடன் வந்து சேர்ந்தது. இவ்வகையினர் கணினித் துறையைச் சேர்ந்தவர் அல்லர்; பெரும்பாலும் கணக்குப் பிரிவிலோ தபால் பிரிவிலோ பழுத்த அனுபவம் உடையவர்கள். நிரல் எழுதவோ பழுது பார்க்கவோ அறியாத இவர்களுக்கு, இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளாகிய உலாவியில் எந்த விசையை எதனுடன் சேர்த்து அழுத்தினால் என்ன நிகழும் என்பது மட்டும் தலைகீழ்ப் பாடம். ஆய்வு நோக்கில் இவர்களைக் குறுக்குவிசை நிபுணர் என வகைப்படுத்தலாம். அலுவலகத்தில் வழங்கும் பெயர் ‘டிப்ஸ் சார்’ என்பதாகும்.

இந்நிபுணரின் கல்வி இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் 6ஆம் பதிப்பில் தொடங்குகிறது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியுடன் பரவிய அப்பதிப்புக்கு அடுத்தது 2006இல்தான் வந்தது என்பதால், பாடத்திட்டம் மாறாத அந்த ஐந்தாண்டுகள் மனப்பாடக்காரர்களுக்குப் பொற்காலமாக அமைந்தன. நாளிதழ்களின் கணினி இணைப்பிதழ்களில் வந்த குறிப்புகளைக் கத்தரித்து, ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து, மேசைக் கண்ணாடிக்கு அடியில் குலதெய்வப் படத்துக்குப் பக்கத்தில் அவர் வைத்துக்கொண்டார். 2004இல் ஃபயர்பாக்ஸும் 2008இல் குரோமும் வெளிவந்து, ஊரே கட்சி மாறிய பிறகும், படித்த பாடத்தைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை.

மௌஸைத் தொடுவது இழுக்கு என்பதே அவரது கொள்கையின் முதல் விதி. முகவரிப்பட்டைக்குப் போக வேண்டுமானால் ஆல்ட் விசையுடன் டி. பக்கம் கீழே நகர வேண்டுமானால் ஸ்பேஸ் பார், மேலே வர வேண்டுமானால் அதனுடன் ஷிஃப்ட். ஓர் இணைப்பைப் புதிய சாளரத்தில் திறக்க வேண்டுமானால் ஷிஃப்டை அழுத்தியபடி சொடுக்க வேண்டும். இந்தக் கடைசி வித்தைக்கு மௌஸ் தேவைப்படுகிறது என்று எவரேனும் சுட்டிக்காட்டினால், அது விதிவிலக்கு என்பார். பிறர் வேலை செய்யும் நாற்காலிக்குப் பின்னால் ஓசையின்றி வந்து நிற்பதும், “கையை எடுங்க சார், கையை எடுங்க” என்று தோளுக்கு மேலாகக் கையை நீட்டி விசைப்பலகையைக் கைப்பற்றுவதும் அவரது போதனா முறை. இதனால் மிச்சமாகும் நேரம் ஒரு நொடியாகவும், அதை விளக்க ஆகும் நேரம் ஒரு டீ ஆறும் அளவாகவும் இருப்பது அவருக்கு ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

அவருக்கு மிகப் பிடித்தது கண்ட்ரோலுடன் எண்டர். தளத்தின் பெயரை மட்டும் தட்டிவிட்டு இவ்விரண்டையும் சேர்த்து அழுத்தினால், முன்னால் மூன்று டபிள்யூவையும் பின்னால் டாட் காமையும் உலாவியே ஒட்டிக்கொள்ளும். அரசுத் தளங்களின் முகவரி டாட் காமில் முடிவதில்லை என்பதும், அலுவலகத்தில் நாள் முழுதும் திறக்கப்படுபவை அரசுத் தளங்களே என்பதும் இவ்வித்தையின் பெருமையைச் சற்றே குறைத்தன. அவரோ இதற்கு அரசைத்தான் குறை கூறினார்.

எஃப் 4 விசையின் கதை வேறு. அதை அழுத்தினால், அந்தக் கணினியில் அதுவரை தட்டச்சிடப்பட்ட முகவரிகள் வரிசையாகக் கீழிறங்கித் தெரியும். மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது சக ஊழியர் ஒருவரின் கணினியில் இதைச் செய்து காட்டியதில், பங்குச்சந்தை, வரன் தேடும் தளம், வேறு நிறுவனங்களின் வேலைவாய்ப்புப் பக்கம் ஆகியவை ஒன்றன்கீழ் ஒன்றாக வெளிப்பட்டன. நிபுணருக்குத் தெரிந்ததெல்லாம் விசை சரியாக வேலை செய்தது என்பதுதான். 2009இல் எக்ஸ்புளோரரின் 8ஆம் பதிப்பு வந்த பிறகு, கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உலாவிய வரலாற்றை அழிக்கும் பெட்டி திறக்கும் என்று அவர் அறிவித்தபோது, பாடக்குறிப்பு எடுக்க அலுவலகமே திரண்டது.

ஆயினும் அவர் புகழுக்கு நேர்ந்த பெரும் களங்கம் பேக்ஸ்பேஸ் விசையால் வந்ததே. எழுத்துப் பெட்டிக்குள் இருக்கும்போது ஓர் எழுத்தை அழிக்கும் இவ்விசை, பெட்டிக்கு வெளியே இருக்கும்போது அந்நாளைய உலாவிகளில் முந்தைய பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். பக்கத்துப் பிரிவு அம்மையார் ஒருவர் ஆன்லைன் விண்ணப்பம் ஒன்றில் பெயர், தந்தை பெயர், அஞ்சல் குறியீட்டு எண், கணவர் வருமானம் எனக் கட்டம் கட்டமாக நிரப்பி, மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வந்திருந்தார். “மேடம், தப்பா போட்டுட்டீங்க, இதை அழிக்க மௌஸ் எதுக்கு?” என்ற குரலும் பேக்ஸ்பேஸின் ஓசையும் ஒருசேர எழுந்தன. விண்ணப்பம் மறைந்தது, முன்னோக்கிச் செல்ல ஆல்ட் விசையையும் வலப்பக்க அம்பையும் அழுத்தியபோது, பக்கம் காலாவதியாகிவிட்டது என்ற அறிவிப்பு மட்டும் வந்தது. அம்மையார் பேசவில்லை, அன்று முதல் அவரது விசைப்பலகையின் மேல் கைப்பை ஒன்று நிரந்தரமாக வீற்றிருந்தது. இத்தகைய விபத்து உலகெங்கும் நிகழ்ந்திருக்க வேண்டும். நிரப்பிய படிவத்தை இழப்போரை எண்ணியே 2016இல் குரோம் உலாவி பேக்ஸ்பேஸின் இவ்வதிகாரத்தைப் பறித்தது.

நியாயமாகச் சொன்னால், அவரது ஞானம் உண்மையாகவே பயன்பட்ட ஒரு துறையும் உண்டு. யூனிகோடு நிலைபெறும் முன்னர், தமிழ்த் தளங்களில் சில டிஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்திலும் வேறு சில தத்தம் சொந்த எழுத்துருவிலும் இயங்கின. தமிழ்ச் செய்தியைத் திறந்தால் தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும் கேள்விக்குறிகளும் திரையை நிறைத்தன. குறியாக்கம், அதாவது எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற உடன்பாடு, பக்கத்துக்கும் உலாவிக்கும் ஒத்துப்போகாததே காரணம். வியூ பட்டியலில் என்கோடிங் பகுதிக்குப் போய், யூனிகோடு பக்கமானால் யூடிஎஃப்-8 என்றும், டிஸ்கியானால் யூசர் டிஃபைண்டு என்றும் தேர்ந்து, உரிய எழுத்துருவையும் பொருத்திவிட்டால் கொம்புகள் உதிர்ந்து தமிழ் தெரியும். பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர்களே இதற்காக அவரைத் தேடி வந்ததுண்டு. அந்த ஓரிரு ஆண்டுகளில் அவர் நடையே மாறியிருந்தது என்கிறார்கள் உடன் பணிபுரிந்தவர்கள்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலையில் அவர் எஃப் 5 நிபுணராக உருவெடுப்பார். எஃப் 5 பக்கத்தைப் புதுப்பிக்கும்; கண்ட்ரோலையும் சேர்த்தால், முன்பே கணினியில் சேமித்து வைத்த நகலைப் புறக்கணித்து, எல்லாவற்றையும் தளத்திலிருந்து புதிதாகக் கேட்கும். மாநிலமே ஒரே தளத்தை முற்றுகையிட்டிருக்கும் வேளையில் அதை நொடிக்கொரு முறை அழுத்துவது நெரிசலைக் கூட்டவே உதவும் என்றாலும், மதிப்பெண் ஒருவழியாகத் திரையில் வந்தவுடன் படித்த மாணவிக்கு முன்பாகவே பாராட்டை ஏற்றுக்கொள்பவர் அவராகவே இருப்பார்.

2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஓய்வு கொடுத்தது. நிபுணர் அதற்கு முன்பே பணி ஓய்வு பெற்றிருந்தார். பழைய தளங்களுக்காக எட்ஜ் உலாவிக்குள் எக்ஸ்புளோரர் பயன்முறை என ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்றும், குறைந்தது 2029 வரை அது தொடரும் என்றும் அறிந்தபோது, தம் பென்ஷனைவிட அது உறுதியானது என்பதுபோல் மகிழ்ந்தார். விசைகளே இல்லாத கைபேசிதான் அவரைச் சில மாதம் திகைக்க வைத்தது. பக்கத்தை மேலிருந்து கீழே இழுத்துவிட்டால் புதுப்பித்துக்கொள்ளும் என்பதையும், ஆண்ட்ராய்டு குரோமில் முகவரிப்பட்டையைப் பக்கவாட்டில் தள்ளினால் திறந்திருக்கும் அடுத்த பக்கத்துக்குத் தாவலாம் என்பதையும் பேத்தியிடமிருந்து கற்ற பிறகு, கல்யாண மண்டபங்களில் மீண்டும் அவரைப் பார்க்க முடிகிறது; பந்தியில் பக்கத்து இலைக்காரர் இடக்கையால் எதையோ தேடிக்கொண்டிருந்தால், ரசம் ஊற்றுபவரைக் கையமர்த்தி நிறுத்திவிட்டு, “அந்த போனை இப்படிக் கொடுங்க” என்கிறார்.