மாப்பிள்ளைட மூக்கும் மாச வாடகையும்

வா மகன், வா. இந்தத் திண்ணையில குந்து. குறிஞ்சிப்பிட்டியில கெமரா தூக்கின பொடியன்மார்ல நீதான் ஆகப் பெரிய கெட்டிக்காரன் எண்டு உன்ட உம்மா ஊரெல்லாம் சொல்லித் திரியுறா. இன்னும் ஒரு கலியாணம்கூட எடுக்கல்ல. அதுக்குள்ள அல்பம் அடுக்க எந்த சொப்ட்வெயார் நல்லம் எண்டு கேட்டு வந்திருக்கிற. தொட்டில் வாங்கிட்டுப் பொண்ணு தேடுற வேலைதான், ஆனா பரவாயில்ல, கேளு.

கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் எண்டு முழிக்காத. என்ட மகள்ட மகன் புத்தளத்தில, படம் பிரிண்ட் போடுற லெப்ல வேலை. ராவைக்கு வந்தான் எண்டா, உன்னப் போல ஆக்கள் அனுப்புற பைலப் பத்தித் திட்டித் திட்டித்தான் சோறு தின்பான். நான் படிச்சதெல்லாம் அந்தத் திட்டிலதான்.

அவன்ட முதல் திட்டு இது: "எந்த சொப்ட்வெயார் எண்டு கேக்குறாங்கள், எந்த அளவு எண்டு ஒருத்தனும் கேக்குறானில்ல." அதனால நீ முதல்ல போக வேண்டிய இடம் கொம்பியூட்டர் கடையில்ல, லெப். நீ என்ன அளவில போடுவ, என்ன மாதிரி பைல் எடுப்ப, கரையில எவ்வளவு வெட்டுவ எண்டு அவங்கள்ட்டக் கேளு. நம்மட பக்கத்தில நிறைய ஓடுறது 12க்கு 36. ரெண்டு பக்கமும் விரிச்சா முப்பத்தாறு அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வச்சுப் பாத்தா 3,600க்கு 10,800, கிட்டத்தட்ட 3.9 கோடிப் புள்ளி. நீ பெருமையாத் தூக்கித் திரியுற 24 மெகாபிக்சல் கெமரா தாறது 6,000க்கு 4,000தான். ஒத்தப் படத்த அந்த முப்பத்தாறு அங்குலத்துக்கும் இழுத்தா, அங்குலத்துக்கு 166 புள்ளிதான் மிஞ்சும். தூர நிண்டு பாத்தா அந்தக் குறை தெரியாது. ஆனா நம்மட பொம்புளயள் அல்பத்தத் தூர வச்சாப் பாக்குறாங்க? மூக்க முட்டவச்சு, ஆர் ஆர்ட நகையப் போட்டிருக்கிறா எண்டெல்லவா பாக்குறாங்க. இப்படிப் பக்கம் ஒண்டத் திறந்தாலே உன்ட பழைய லெப்டொப் மூச்சு வாங்கும். சொப்ட்வெயாருக்கு எடுத்து வச்ச காசில முதல்ல ரெம் ஏத்து.

விரிச்சுப் போடுறண்டா நடுவில மடிப்பு வருதெண்டும் ஒரு நினைப்பு இருக்கட்டும். போன மாசம் ஒருத்தன் மாப்பிள்ளைட மூக்கச் சரியா மடிப்பில வச்சு அனுப்பியிருக்கான். அல்பத்த மூடுற நேரமெல்லாம் மாப்பிள்ள தும்முற மாதிரி இருந்திச்சாம்.

சரி, இப்ப உன்ட கேள்வி. போட்டோசொப்பத்தான் எல்லாரும் சொல்லுவாங்கள். சாமான் நல்ல சாமான்தான். ஆனா அதச் செய்யுற அடோபிக்காரன் 2013ல இருந்து புதுசை விக்கிறானில்ல, வாடகைக்குத்தான் விடுறான், அதுவும் டொலர்ல. 2022 மார்ச் தொடக்கத்தில 200 ரூபா சொச்சமா இருந்த டொலர் மே மாசத்தில 360ஐத் தாண்டினது உனக்கு ஞாபகம் இருக்கும். கலியாணமெல்லாம் ஒத்திப்போட்ட காலம், வாடகை மட்டும் ஒத்திப்போகல்ல. கிரக் பண்ணினது பாவிக்கலாம் எண்டு கூட்டாளிமார் சொல்லுவாங்கள். கடையில சாமானத் தூக்கினா களவு, சொப்ட்வெயாரத் தூக்கினா 'செட்டப்' எண்டு பேரா? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலயும் அது குற்றம்தான். கூட வார வைரஸ் உன்ட மொத்தக் கலியாணத்தையும் தின்னுட்டுப் போனா, பொண்ணுட வாப்பாவுக்கு என்ன பதில் சொல்லுவ?

சும்மா கிடைக்கிறதும் இருக்கு. 'கிம்ப்' எண்டது 1996ல இருந்து இலவசம். 'அஃபினிட்டி'யக் கேன்வாக்காரன் 2024ல வாங்கி, 2025 ஒக்டோபர்ல இருந்து காசில்லாமக் குடுக்குறான், ஒரு கணக்குத் திறந்தாப் போதும். 'ஸ்மார்ட் அல்பம்ஸ்', 'ஃபண்டி' எண்டு அல்பத்துக்கெண்டே செஞ்சதும் இருக்கு. படத்தக் கொட்டினாத் தானே அடுக்கித் தரும். மாசத்தில நாலு கலியாணம் வார நேரம் அதுக்குக் காசு குடு. இப்ப உனக்கு வாரது உன்ட மச்சான்ட பிள்ளைட கத்னா மட்டும்தானே.

எத எடுத்தாலும் முதல் சோதின பிஸ்மி. அறபியில பிஸ்மி எழுதிப் பாரு. வலம் இருந்து இடம் போற எழுத்து அறியாத சொப்ட்வெயார், எழுத்த ஒண்டொண்டாப் பிரிச்சு, பின்பக்கமாத் திருப்பி வச்சிடும். பழைய போட்டோசொப்பிலயே அதுக்குரிய செட்டிங்க மாத்தாட்டி இந்தக் கூத்து நடக்கும், தமிழ்ல கொம்பும் காலும் இடம் மாறி நிக்கும். பாமினி எழுத்தில மாப்பிள்ளைட பேர அடிச்சு, எழுத்தாவே லெப்புக்கு அனுப்பினா, அங்க பாமினி இல்லாட்டி பேர் இங்கிலீஸ் எழுத்துக் குப்பையா விழும். அதனால எல்லாத்தையும் ஒரே படமாத் தட்டையாக்கி, எஸ்ஆர்ஜிபி நிறத்தில ஜேபெக்கா அனுப்பு. அடோபி ஆர்ஜிபியில அனுப்பினா லெப்பில நிறம் மங்கி, பொண்ணு மூணு நாள் காய்ச்சல்ல கிடந்த மாதிரி வருவா.

ரெடிமேட் டிசைன் வாங்காத மகன், கையெடுத்துக் கேக்குறன். பொண்ணு கண்டக்குழியில பிறந்தவ, மாப்பிள்ள ஏத்தாளை. அல்பத்தில ரெண்டு பேருக்கும் பின்னால ஈபில் கோபுரம் நிக்குது, மேல ரெண்டு அன்னம் பறக்குது. களப்பும் தென்னையும் உப்புக்காத்தும் உனக்குக் காணாதா? வெள்ளப் பக்கம், மூணு படம், சுத்தி இடம். அவ்வளவுதான் டிசைன்.

இன்னொண்டு. நம்மட பொண்ணுகள்ட படம் எல்லார் கண்ணுக்குமில்ல. இன்டர்நெட்டில ஏத்தி அடுக்குற வகையெல்லாம், உன்ட படத்த வேற ஆர்டயோ மெசினில கொண்டு போய் வைக்குது. வீட்டாரக் கேக்காம அதச் செய்யாத. 'சாம்பிள்' எண்டு பேஸ்புக்கில போட்டியோ, உன்ன எந்த வீட்டு வாசலும் ஏத்தாது.

போட்டோசொப் முதல்ல வந்தது 1990 பெப்ரவரியிலயாம், பேரன் சொன்னான். அந்த வருஷம் ஒக்டோபர்லதான் வடக்கு முஸ்லிம் சனத்தப் புலிகள் துரத்தினது. மன்னார்ப் பக்கத்து ஆக்கள் வள்ளத்தில வந்து கற்பிட்டிக் கரையில இறங்கினாங்க, ஈரத் துணியோட. வீடு, நகை எல்லாத்தையும் விட்டுட்டு வந்த சனம் அல்பத்தத் தூக்கியா வரும்? கலியாணத்தண்டைக்கு எப்படி இருந்தன் எண்டு பேரப் பிள்ளைக்குக் காட்ட ஒரு படம் இல்லாத உம்மும்மாமார் இந்தப் பக்கம் இப்பவும் இருக்காங்க. நீ ரூல்ஸா வச்சுக்கொள்ள வேண்டியது இதத்தான்: சொப்ட்வெயார்ட சொந்தப் பைல மட்டும் நம்பாத. வாடகை நிண்டா அந்த சொப்ட்வெயார்ல அது திறக்காது. அடுக்கி முடிச்ச பக்கங்கள ஜேபெக்காவும், எடுத்த படங்கள அப்படியேயும், ரெண்டு வீட்டில ரெண்டு டிஸ்கில வை. நுரைச்சோலையில 900 மெகாவொட் அனல் மின்நிலையம் நிக்குது எண்டு நம்பி சேவ் பண்ணாமயும் இருந்திடாத. 2022 மார்ச் கடைசியில பதிமூணு மணித்தியாலம் இருட்டில இருந்தவங்கதானே நாங்களும்.

இப்போதைக்கு கிம்பும் ஒரு லெப்காரன்ட போன் நம்பரும் போதும் உனக்கு. என்ட பேத்திட கலியாணம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிச்சு. சும்மா எடுக்கச் சொல்லல்ல, பாதிக் காசு முன்னுக்குத் தாறன். அதுக்கு முதல் மூணு பக்கம் அடுக்கி, லெப்பில அடிச்ச தாளாக் கொண்டு வந்து காட்டு. அதில கோபுரம் கீபுரம் தெரிஞ்சா நான் ஆலங்குடாப் பொடியனக் கூப்பிடுவன்.