சிக்கனமாக ஒரு பி.எட்.

திருவனந்தபுரத்தில் பாரலல் காலேஜ் என்று ஒரு வஸ்து உண்டு. ரெகுலர் காலேஜில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு, ரெகுலர் காலேஜில் வேலை கிடைக்காத வாத்தியார்கள் பாடம் நடத்துகிற இடம். அங்கே நான் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் "சாரே" என்று வாய் நிறையக் கூப்பிடுவார்கள். பி.எட். மட்டும் கிடையாது.

"ஊரார் பிள்ளைக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறீங்களே, சொல்லிக் கொடுக்கத் தெரியும்னு ஒரு காகிதம் வாங்கக்கூடாதா?" என்றாள் சம்சாரம். கூடாதா என்று முடிந்தால் எங்கள் வீட்டில் அது உத்தரவு.

அரசு ஆசிரியர் கல்விக் கல்லூரி இதோ தைக்காட்டில்தான் இருக்கிறது. கரமனையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். என் டிகிரி மார்க்குக்குத்தான் அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லை. ஆகவே ஒரு சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தேன். நாற்பத்தொரு வயசில் யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தபோது தையல்காரர் அளவு டேப்பை எடுக்காமலே, "பையனைக் கூட்டிட்டு வரலையா?" என்றார்.

முன்பெல்லாம் பி.எட். ஒரே வருஷம். தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014இல் புது விதி போட்டு அதை இரண்டு வருஷமாக்கிவிட்டது. வகுப்புக்கு 80 சதவீத வருகை வேண்டும், பள்ளிக்கூடப் பயிற்சிக்கு 90. எங்கள் பாரலல் காலேஜில் பாதி நாள் வருகிற பையனுக்குப் படிப்பில் அக்கறை என்று பெயர். காலை பேட்ச், பகல் பேட்ச் இரண்டையும் விட்டேன்; மாலை பேட்ச் மட்டும் மிஞ்சியது. வருகை ஏற ஏற வரும்படி இறங்கியது. முதல் வருஷம் முடிவதற்குள் கையிருப்பு முடிந்துவிட்டது.

"தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டு, குழித்துறைப் பக்கம் ஃபீஸ் மலிவு" என்றான் நண்பன் ஒருவன். மலிவு என்று காதில் விழுந்தால் எனக்கு மேற்கொண்டு எதுவும் விழாது.

டி.சி. கேட்டுப் போனேன். மிச்ச வருஷத்து ஃபீஸையும் கட்டினால்தான் சர்டிபிகேட் திரும்பி வருமாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று 2018இல் யுஜிசி போட்ட அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்து வீரமாக நீட்டினேன். கிளார்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். "நல்ல ஆர்டர்" என்றார். அதையும் என் ஃபைலில் சேர்த்துக் கட்டி உள்ளே வைத்துவிட்டார். அப்புறம் ரொம்ப நாள் நடந்து, ஒரு தொகை பேசி, மீட்டேன்.

பல்கலைக்கழகமே மாறுவதால் புதுக் கல்லூரியில் மறுபடி முதல் வருஷத்திலிருந்து ஆரம்பம். தினமும் பாசஞ்சர் வண்டி. எல்லையோரப் பாறசாலை தாண்டும்வரை மலையாளிகளுக்கு நான் பாண்டி, தாண்டியதும் தமிழர்களுக்கு மலையாளத்தான். என் தாத்தா காலத்தில் எல்லாம் ஒரே திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அன்று விழுந்த எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வாங்கிய பட்டத்துக்கு இந்தப் பக்கம் ஈக்வலன்சி சர்டிபிகேட் கேட்கிறார்கள். அதற்குத் தனி ஃபீஸ்.

பயிற்சி வகுப்பைப் பார்வையிட வந்த மேடம், என்னிடம் டியூஷன் படித்த பெண். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். முடிந்ததும், "சாரே, போர்டைப் பார்த்துக்கொண்டே பேசக்கூடாது, பிள்ளைகளுக்குப் புரியாது" என்றாள் பரிவாக. அப்படிப் பேசித்தான் அவளைப் பாஸ் பண்ண வைத்தேன். சொல்லவில்லை, இன்டர்னல் மார்க் அவள் கையில்.

ஒரு ராத்திரி சம்சாரம் பழைய ஃபீஸ், மீட்புத் தொகை, இரண்டாவது முதல் வருஷம், சீசன் டிக்கெட் எல்லாவற்றையும் காலண்டர் பின்பக்கத்தில் கூட்டினாள். பழைய கல்லூரியிலேயே இருந்திருந்தால் மிச்சமாகியிருக்கும். "நீங்க கணக்கு வாத்தியார்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

ஒருவழியாகப் பட்டம் வந்தது. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையமான பி.எஸ்.சி.யில் ஹைஸ்கூல் வாத்தியாருக்குப் பொதுப் பிரிவில் வயசு வரம்பு 40. அது போகட்டும் என்று மற்றப் பள்ளிகளை விசாரித்தால் கே-டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு பாஸா என்கிறார்கள். அதற்கும் கோச்சிங்கில் சேர்ந்திருக்கிறேன், எங்கள் பாரலல் காலேஜிலேயே. ஸ்டாஃப் என்பதால் முதலாளி பாதி ஃபீஸ்தான் வாங்கினார். கணக்குப் பாடம் எடுப்பது நான்தான்.